உயிர்த்தண்ணீர் விற்கும் கடை

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் நான் ரொட்டி விற்றுக்கொண்டிருந்த பேக்கரியை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு வருடம் ஒரே கல்லாவுக்குப் பின்னால் நின்றவள், திடீரென்று வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. இரண்டு மாதம் வேலை தேடினேன். முதியோர் இல்லம், பள்ளிக்கூடச் சமையலறை, விமான நிலையத்தில் துப்புரவு என்று எழுதிப் போட்டேன். கடைசியில் ஆள் வேண்டும் என்று சொன்னது, அதே கடைத்தொகுதியில் பேக்கரியிலிருந்து நாலு கடை தள்ளியிருந்த அரசு மதுக்கடைதான்.

நோர்வேயில் மெல்லிய பியரைத் தவிர மற்றக் குடிவகையெல்லாம் அரசின் கடையில்தான் வாங்கலாம். அங்கே வேலை செய்கிறவர்கள் படித்தவர்கள் மாதிரி இருப்பார்கள். கழுத்துப்பட்டி, மேலங்கி, மெதுவான பேச்சு. நூலகத்துக்குள் போனது போல இருக்கும். நேர்முகத் தேர்வில் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஒரு சொட்டும் குடித்ததில்லை என்று. கடையின் பொறுப்பாளர் பெண்மணி என் விண்ணப்பத்திலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"மணம் பிடிக்கத் தெரியுமா?"

"வீட்டில் மீன் வெந்துவிட்டதா என்பதை அடுத்த அறையிலிருந்தே சொல்வேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். நாங்கள் இருப்பது ஹவுகன்ஸ்டுவாவில், ஒன்பதாம் மாடியில். அவரிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய அதிர்ச்சியொன்றும் இல்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வேலை வேலைதானே. ஆனா மாமியிட்டை என்னெண்டு சொல்லப்போறீர்?"

அதுதான் கேள்வி.

அம்மா லில்லெஸ்ட்ரோமில் என் அண்ணனுடன் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. எங்கள் ஊர் யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றிலுள்ள ஊர்காவற்றுறை. அப்பா அங்கே லொறியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் பின்னேரமானால் "கடையடிக்குப் போட்டு வாறன்" என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு போவார். சீனி வாங்க, சவர்க்காரம் வாங்க, என்று ஏதோ ஒன்று சொல்வார். வரும்போது பை வெறுமையாக இருக்கும். எனக்குப் பதின்மூன்று வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஈரலைப் பற்றி வைத்தியர் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதன் பிறகு அம்மா தையல் தைத்து எங்களை வளர்த்தார். எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லைக்கூட யாரும் எடுப்பதில்லை. கலியாண வீடுகளில் ஆண்கள் காருக்குப் பின்னால் ஒதுங்கினால் அம்மா எழுந்து வந்துவிடுவார்.

முதல் நாள் வேலை முடிந்து ரயிலில் நிற்கும்போது அம்மா அழைத்தார்.

"வேலை கிடைச்சிட்டுதாம் எண்டு கொண்ணன் சொன்னவன். எந்தக் கடை பிள்ளை?"

"மருந்துக்கடை அம்மா."

நான் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. மதுக்கடைக்கு நேர் எதிரே மருந்துக்கடை ஒன்று இருந்தது. நாள் முழுக்க அதன் பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றதால் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். மற்றப் பக்கம் அம்மா "மாதாவே" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட பிறகு அதைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை மூன்று வருடம் ஆயிற்று.

பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடு போட வேண்டும். அம்மா ஞாயிறு பூசைக்கு வரும் தன் சிநேகிதிகள் எல்லோருக்கும், மகள் மருந்துக்கடையில் என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய முழங்கால், முதுகு, தலைச்சுற்று எல்லாம் அம்மாவின் தொலைபேசி வழியாக எனக்கு வந்தன. "பிள்ளை, உந்த வெள்ளைப் பூச்சு நல்லதோ, நீலப் பூச்சு நல்லதோ எண்டு அன்ரி கேக்கிறா." நான் மதிய இடைவேளையில் எதிர்க்கடைக்கு ஓடிப்போய்க் கேட்டு வந்து பதில் சொல்வேன். அங்கே வேலை செய்த இளம் பெண், என் குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஒருநாள் கேட்டாள். "நிறைய" என்றேன்.

இதற்கிடையில் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. அதுதான் எனக்கே புதினமாக இருந்தது.

கடையில் சேர்ந்த ஆறாம் மாதம் எங்களை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். அன்றைய பாடம் அக்கவித். நோர்வேக்காரர் கிறிஸ்மஸுக்குப் பன்றி விலா வறுத்துச் சாப்பிடும்போது சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைப்பது. உருளைக்கிழங்கிலிருந்து வடித்த சாராயத்தில் விதைகளையும் தோல்களையும் ஊறவைத்து, திரும்ப வடித்து, மரப்பீப்பாயில் வருடக்கணக்காகப் போட்டுவைப்பார்கள். பெயருக்கு லத்தீனில் உயிர்த்தண்ணீர் என்று பொருள் என்றார் வகுப்பு எடுத்தவர். ஐந்நூறு வருடங்களுக்கு முன் மேற்குக் கரையில் ஒரு பிரபு, ஒரு பேராயருக்கு இதில் கொஞ்சம் அனுப்பி, மனிதனுக்கு உள்ளே வரும் நோயெல்லாவற்றுக்கும் இது மருந்து என்று கடிதம் வைத்தாராம். இந்த நாட்டில் இதைப் பற்றிக் கிடைத்த முதல் எழுத்து அதுதானாம். அந்தக் காலத்தில் மருந்துக்கென்றுதான் வடித்தார்கள். வயிற்று வலிக்கு, குளிருக்கு, கொள்ளை நோய்க்கு. பிறகு உருளைக்கிழங்கு வந்தது, மலிவாயிற்று, வீட்டுக்கு வீடு வடித்தார்கள், மருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

நான் குறிப்புப் புத்தகத்தில் 'மருந்து' என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்டார். அவருக்கு என்னவென்று சொல்வது.

இன்னொரு கதையும் சொன்னார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு கப்பல் அக்கவித் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அங்கே ஒருவரும் வாங்கவில்லை. விற்காத சரக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டி, கடலில் ஆடி, வெயிலில் சுட்டு, குளிரில் ஆறி வந்த பீப்பாயைத் திறந்தால் போனதைவிடச் சுவையாக இருந்ததாம். இன்றைக்கும் அந்த வகையைக் கப்பலில் ஏற்றி அனுப்பித் திருப்பி எடுக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையை நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை, ஆனால் வாடிக்கையாளருக்குச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்கும்.

பிறகு முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். மேசையில் ஒன்பது கண்ணாடிக் குவளை. வாயில் வைத்துத் துப்பலாம், துப்புவதற்கு வாளி வைத்திருந்தார்கள். நான் வாயில் வைக்கவே இல்லை, மூக்கை மட்டும் கொண்டுபோனேன். மற்றவர்கள் 'மரம்', 'தேன்', 'புல்வெளி' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதல் குவளையிலேயே சதகுப்பை வந்தது. இரண்டாவதில் கொத்தமல்லி. நாலாவதில் பெருஞ்சீரகமும் ஆரஞ்சுத் தோலும், எங்கள் தோடம்பழம். ஏழாவதில் அன்னாசிப்பூ, பிரியாணிக்குப் போடுவோமே அது. எல்லாவற்றுக்கும் அடியில் 'கார்வெ' என்று இவர்கள் சொல்லும் விதை. அது இல்லாவிட்டால், அல்லது சதகுப்பை இல்லாவிட்டால், அக்கவித் என்றே பெயர் வைக்க முடியாதாம்.

அந்தக் கார்வெயை எனக்கு முன்பே தெரியும். நான் நோர்வேக்கு வந்த முதல் வருடம் கடையில் அதைச் சீரகம் என்று நினைத்து வாங்கினேன். பார்க்க அச்சொட்டாகச் சீரகம்தான், கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வளைவு. ரசம் வைத்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "உதென்ன, ஆஸ்பத்திரி மணக்குது" என்றான். பானையோடு ஊற்றினோம். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அதே மணத்துக்கு எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வகுப்பு எடுத்தவர், இத்தனை வருடத்தில் ஒன்பதிலும் உள்ள விதைகளைப் பிழையில்லாமல் சொன்ன ஆள் நீங்கள்தான் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அதன் பிறகு கடையில் அக்கவித் அலுமாரி என் பொறுப்பு ஆயிற்று. ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு குணம் இருக்கிறது. தெளிந்த நிறத்தில் இருப்பது நறுக்கென்று பேசும் ஆள் மாதிரி, முதலில் சதகுப்பைதான் முன்னால் வரும். பீப்பாயில் கிடந்து பொன்னிறமானது பொறுமையானது, கார்வெயின் கூர்மை மழுங்கி வனிலா மாதிரி ஓர் இனிப்பு பின்னால் வரும். அதை ஐஸில் வைத்துக் குடிக்கக் கூடாது, குளிரில் மணம் வாயை மூடிக்கொள்ளும். இவையெல்லாம் நான் குடித்து அறிந்தவை அல்ல. ஆனால் என் பேச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன கிழவர்கள் அடுத்த கிறிஸ்மஸுக்குத் திரும்ப வந்து என்னைத்தான் தேடினார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த பையன்களும் வருவார்கள். ஒருநாள் ஒருவன் என் முகத்தைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடித்து, சிரித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, குளிருக்கு நல்ல சரக்கா ஒண்ணு சொல்லுங்களேன்."

எங்கள் ஊரில் சரக்கு என்றால் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் மல்லி, மிளகு, மஞ்சள். நான் ஒரு கணம் திகைத்து, "ஆருக்குப் பிள்ளை பிறந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவனும் திகைத்தான். பிறகு விளங்கி இரண்டு பேரும் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்தில் நின்ற நோர்வேக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவளும் சிரித்தாள்.

அம்மாவுக்குத் தெரியவந்தது மூன்றாவது வருடம், ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை.

அம்மாவின் பூசைச் சிநேகிதி ஒருவருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. மன்னார்க்காரி, மிகவும் நல்லவர். "தொலைபேசியிலை கதைச்சு என்ன, என்ரை மகளிட்டை நேரிலை கூட்டிக்கொண்டு போறன்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறார். லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயில், பிறகு சுரங்க ரயில். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் போய் அம்மா தனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் என் பெயரைச் சொல்லி, "என் மகள், இங்கே வேலை" என்று கேட்டிருக்கிறார். அந்த இளம் பெண்ணுக்கு என்னைத் தெரியும்தானே. பாவம், உதவி செய்யும் எண்ணத்தில் எதிர்ப்பக்கம் கையைக் காட்டியிருக்கிறாள்.

நான் அப்போது ஒரு வாடிக்கையாளருக்காக மேல் தட்டிலிருந்து போத்தல் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. தலையில் நீலக் கம்பளித் தொப்பி. பக்கத்தில் மன்னார் அன்ரி. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு அன்ரியின் முழங்கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நான் போத்தலை வைத்துவிட்டு ஓடினேன். படியடியில்தான் பிடிக்க முடிந்தது.

"அம்மா, நில்லுங்கோ. நான் சொல்லுறன்."

"அன்ரிக்குக் கால் நோகுது. நாங்கள் போறம்."

அவ்வளவுதான். அன்ரி மட்டும் திரும்பிப் பார்த்து, பரவாயில்லை பிள்ளை என்பது போலக் கையை ஆட்டினார். அது இன்னும் கூடுதலாகச் சுட்டது.

மூன்று ஞாயிறு அம்மா என்னோடு கதைக்கவில்லை. நான் லில்லெஸ்ட்ரோமுக்குப் போவேன். சாப்பாடு போடுவார். எனக்குப் பிடித்த கணவாய்க் கறியும் இருக்கும். தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். அண்ணன் என்னைப் பார்ப்பான், நான் அண்ணனைப் பார்ப்பேன். "நீ சாராயம் வித்தாலும் பரவாயில்லை, என்னட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றான் அவன். அவனுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

நாலாவது ஞாயிறு நான் அறைக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அம்மா செபமாலையைக் கையில் வைத்திருந்தார், செபிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கரி மூடியது, இரண்டு மாதம் வேலை தேடியது, வகுப்பு, சான்றிதழ், மருந்தாகத்தான் இது தொடங்கியது என்பது, எல்லாம். குடிவகை விற்பதில் வெட்கமில்லை, அரசின் வேலை, ஒழுங்கான வேலை என்று வாதாடினேன். அம்மா இடையில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ குடிக்கிறனியோ?"

"இல்லை அம்மா. மணந்து பாக்கிறனான். மற்றவை வாயிலை வச்சுத் துப்பிறவை."

"துப்பிறதுக்கும் படிப்போ."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. செபமாலையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ என்ன விக்கிறாய் எண்டது எனக்கு இரண்டாவது. மூண்டு வரியம் ஒவ்வொரு நாளும் என்னோடை கதைச்சனீ. ஒவ்வொரு நாளும் மருந்துக்கடை எண்டனீ. உன்ரை கொப்பரும் உப்பிடித்தான். சீனி வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவார். எனக்கு அவர் குடிச்சதைவிட உதுதான் கூட நொந்தது. நான் அவருக்குப் பை குடுத்து விட்டனான், தெரியுமே? ஒவ்வொரு நாளும் பை குடுத்து விட்டனான்."

நான் அப்பாவின் குடியை அம்மாவுக்கு நினைவுபடுத்தாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அப்பாவின் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். அம்மாவின் கையைப் பிடித்து அழுதேன். ஐம்பது வயதை எட்டப்போகிறவள் அழுகிற அழுகை அல்ல அது. அம்மா கையை இழுக்கவில்லை. தடவியும் விடவில்லை.

"போய் அந்த அன்ரியிட்டை மன்னிப்புக் கேள்" என்றார். "நான் அவவை உந்தக் குளிருக்குள்ளை இழுத்துக்கொண்டு வந்தனான்."

அடுத்த நாளே போனேன். அன்ரி தேத்தண்ணீர் தந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கியதுமே, "அதை விடும் பிள்ளை, முழங்காலுக்கு நீலப் பூச்சுத்தான் நல்லதெண்டு சொன்னீரே, அது நல்ல சுகம் தந்தது" என்றார்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அம்மா திரும்பவும் வந்தார். இந்த முறை தனியாக, நேரே கடைக்குள். வாசலில் நின்று காலணியின் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நான் கல்லாவை விட்டு வெளியே வந்தேன்.

"ஆரோடை வந்தனீங்கள்?"

"ஏன், எனக்கு வழி தெரியாதே? உன்ரை கடையைப் பாக்க வந்தனான்."

கிறிஸ்மஸ் காலம் என்பதால் அக்கவித் அலுமாரிக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டு, விதைகளைத் தனித்தனிக் கண்ணாடிச் சாடிகளில் வைத்திருந்தேன், வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்க்கட்டும் என்று. அம்மாவை அங்கே கூட்டிப்போய் முக்காலி ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தேன். அவர் போத்தல்களின் பக்கம் பார்க்காமல் சாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"உது சதகுப்பை" என்றார். "உனக்கு வயித்துக்குத்து வரேக்கை அவிச்சுத் தந்தனான்." அடுத்தது. "உது மல்லி. உது…" மூக்கைச் சுருக்கினார். "உதென்ன, சீரகம் மாதிரிக் கிடக்கு, ஆனா ஆஸ்பத்திரி மணக்குது."

அண்ணன் சொன்ன அதே சொல். எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த மனிதர் உள்ளே வந்தார்.

அவரை எனக்குத் தெரியும். அறுபது வயது இருக்கும். நல்ல கம்பளிக் கோட்டு, வாரிவிட்ட தலை. மாதத்தில் இரண்டு தரமாவது வருவார், மரியாதையாகப் பேசுவார். அன்று கதவைத் தள்ளிய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று. நேராக வந்து பொன்னிறப் போத்தல் ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தார். கண்கள் நனைந்திருந்தன. நான் கல்லாவுக்குப் போய், போத்தலை மெதுவாக என் பக்கம் எடுத்துக்கொண்டேன்.

"இன்றைக்கு முடியாது" என்றேன். "நாளைக்கு வாருங்கள்."

"விருந்தாளிகள் வருகிறார்கள்."

"தெரியும். ஆனாலும் இன்றைக்கு முடியாது."

அவர் குரலை உயர்த்தினார். தான் யார் என்று எனக்குத் தெரியுமா என்றார். நீ எங்கேயிருந்து வந்தவள், எனக்குச் சொல்ல வந்துவிட்டாய் என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் போத்தல்களின் பெயரை வாசிப்பது போல நின்றார்கள். நான் கல்லாவைச் சுற்றி வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். எங்களுக்கு அதை வகுப்பில் சொல்லித்தருவார்கள், இடையில் மேசை இருக்கக் கூடாது என்று. "வீட்டுக்குப் போக வாடகைக் கார் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கோபம் எல்லாம் வடிந்து தோள் இறங்கியது. விருந்தாளிகள் யாரும் வரவில்லை என்றார். நான் தெரியும் என்றேன். வாடகைக் காருக்குச் சொன்னேன். அது வரும்வரை வாசல் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா முக்காலியில் அப்படியே இருந்தார். மடியில் ஒரு சாடி, மூடி கையில்.

"அந்தாள் என்ன கேட்டது?"

"போத்தில்."

"நீ என்ன சொன்னனீ?"

"இண்டைக்குத் தரமாட்டன் எண்டு."

"கடைக்காரர் அப்பிடிச் சொல்லலாமோ? காசு வச்சிருந்தது தானே?"

"சொல்லத்தான் வேணும் அம்மா. வெறியிலை வாற ஆளுக்கு விக்கக் கூடாது. அது சட்டம்."

அம்மா சாடியை மூடி மேசையில் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தியதா என்று இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார்.

"ஊரிலை நாலு கடை கிடந்தது" என்றார். "நாலிலையும் ஒருத்தன்கூட அப்பிடிச் சொல்லேல்லை."

வாடிக்கையாளர் ஒருவர் வந்து மீன் சாப்பாட்டுக்கு எது நல்லது என்று கேட்டார். நான் போய் எடுத்துக்கொடுத்தேன். அம்மா இன்னும் அரை மணித்தியாலம் அங்கேயே இருந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். பொறுப்பாளர் பெண்மணி, உங்கள் மகளுக்கு இந்த நகரத்திலேயே நல்ல மூக்கு என்றார். நான் மொழிபெயர்த்தேன். "அது எங்கடை குடும்ப மூக்கு எண்டு சொல்லு" என்றார் அம்மா. அதையும் மொழிபெயர்த்தேன்.

அன்றிலிருந்து அம்மா தன் சிநேகிதிகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில், என் முன்னாலேயே, எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல், "இவள் மருந்துக்கடையிலை இல்லை, அரசாங்கச் சாராயக்கடையிலை. வெறிகாரருக்குக் குடாள்" என்றார். சிலர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒருவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார், இன்றுவரை அப்படித்தான். ஆனால் அதே கிழமை நாலு பேர் தனித்தனியாக அழைத்தார்கள். கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்க எந்த பிராண்டி நல்லது என்று கேட்கத்தான். இவ்வளவு காலமும் புருஷனையோ மருமகனையோ அனுப்பி, கண்டதையும் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கு நான் பிராண்டிக்குப் பதில் பீப்பாயில் கிடந்த பொன்னிற அக்கவித்தைச் சொன்னேன். தோடம்பழத் தோலும் அன்னாசிப்பூவும் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறதே. கேக் நல்லாக வந்ததாம். ஒரு துண்டு பொதி கட்டி அனுப்பினார்.

அம்மாவும் கேக் அடித்தார். கிறிஸ்மஸ் அன்று நாங்கள் லில்லெஸ்ட்ரோமில் கூடியபோது, அண்ணன் குடும்பமும் நாங்களுமாக மேசையைச் சுற்றி இருந்தோம். அம்மா வெட்டி வெட்டித் தட்டில் வைத்தார். என் கணவர் வாயில் போட்டுவிட்டு, இந்த முறை ஏதாவது விட்டனீங்களோ மாமி, நல்ல மணமாய்க் கிடக்கு என்று பகிடியாகக் கேட்டார்.

"தோடம்பழச் சாறு" என்றார் அம்மா. "என்ரை வீட்டுக் கேக்குக்கு எப்பவும் அதுதான்."

அதில் மட்டும் அவர் மாறவில்லை. மாறச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அடுத்த துண்டுக்குத் தட்டை நீட்டினேன்.